பத்து இடங்கள்

பேரணாம்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கி
கறிக்கடைச் சந்து தாண்டி
வீட்டுப் படியில் கால் வைத்தபோது
ஷம்ஷாத்தான் கேட்டாள்:
"ஏங்க்கா, ஒத்தக்கால் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன்.
இடது கால் வெறுங்கால்.
சித்திரை வெயில், தார் இளகிய ரோடு.
எங்கே கழன்றது,
எத்தனை தூரம் வெந்தது,
காலுக்குத் தகவல் இல்லை.

முப்பத்தொரு வருஷம்
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள் நான்.
யாரோ ஒரு ஜெர்மனிக்காரன் காலுக்காக
ஒரு நூல் விலகினாலும்
சாக்பீஸால் வட்டம் போட்டுத் தள்ளியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்தது.
முதல் பஸ், குடியாத்தம் வழியாக வேலூர்.
டோக்கன் எழுபத்திரண்டு.

என்ன செய்கிறது என்றார் டாக்டர்.
மதமதப்பு.
விரலிடுக்கில் குறுகுறுப்பு.
ராத்திரியானால் எரிச்சல்,
மிளகாய் அரைத்த கை மாதிரி.
எறும்பு ஊறும்,
விளக்கைப் போட்டால் எறும்பு இருக்காது.
அப்புறம் இந்தத் தரை,
இது தரையாகவே இல்லை சார், பஞ்சுப் பொதி.

எல்லாம் கேட்டுவிட்டு
சீட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார்.
நான் ஐந்து கொடுத்திருந்தேன்.

"கண்ணை மூடுங்க. தொட்டதும் ஆமான்னு சொல்லுங்க."
தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை,
பாதத்தில் பத்து இடங்கள்.
ஆமா.
ஆமா.
பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை.
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
பரீட்சையில் தோற்கிற பயம்
அறுபத்தாறு வயதிலும் வருமா?
வந்தது.
ஆமா என்றேன்.
"இன்னும் தொடலியேம்மா."
அவர் சிரிக்கவில்லை.
அதனால் நான் சிரித்தேன்.

பிறகு அதிரும் கவை ஒன்றைத் தட்டி
கட்டைவிரல் எலும்பில் வைத்தார்.
இரும்பின் குளிர்கூட வரவில்லை.
முழங்கால் வரை ஏற்றி ஏற்றி வைத்தார்;
அங்கே கேட்டது, எலும்புக்குள் தேனீ.

சர்க்கரைக்கென்று பன்னிரண்டு வருஷமாய் விழுங்கும் மாத்திரையே
உடம்பிலிருந்து ஒரு வைட்டமினைத் திருடுமாம்.
ரத்தத்தில் பார்த்தார்கள்; திருடித்தான் இருந்தது.
ரோஸ்மில்க் நிறத்தில் ஊசி போட்டார்கள்.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை, தலை சுற்றலாம், மெல்ல எழுந்திருங்கள்.
குளிக்கிற தண்ணீரின் சூட்டை
காலை விட்டுப் பார்க்காதீர்கள், முழங்கையை விடுங்கள்.
ஒத்தடம் கொடுத்து வேக வைத்துக்கொள்ளாதீர்கள்.
பின்பட்டி வைத்த மெத்து ரப்பர் செருப்பு.

செருப்பு கொடுத்த பையனிடம்
பட்டித் தையலைக் காட்டினேன்:
இந்த முடிச்சு ஒரு மாசம் தாங்காது, மாற்றிக் கொடு.
மாற்றிக் கொடுத்தான்.

தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னார்கள்.
இவர் சவரம் செய்த கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.
பெயர் யேசுபாதம்.
பாதத்தைப் பெயரிலேயே வைத்திருந்தவர்
பித்தவெடிப்புக்கு ஒருநாளும் களிம்பு போட்டதில்லை.
மார்கழியில் ஐஸாய்க் குளிர்ந்த காலைத் தூக்கி
என் கால்மேல் போடுவார்.
தள்ளு என்பேன்.
இப்போது இரண்டு மணிக்குக் குறுகுறுப்பு ஏறும்போதும்
தள்ளு என்றுதான் வாயில் வருகிறது.

கண்ணாடியில் என் உள்ளங்கால்:
குதிகாலில் ஒரு கோடு,
சுண்டுவிரலடியில் காய்ப்பு,
ஆறிவரும் கொப்புளத்தின் தடம்.
கம்பெனியாக இருந்தால்
இந்த ஜோடி பெட்டிக்குள் போயிருக்காது.

நாலு மாசம் கழித்து மறுபடி வேலூர்.
எரிச்சல் பாதிக்குப் பாதி என்றேன்,
எறும்பு கொஞ்சம் குறைந்தது,
பஞ்சு அப்படியே.
கவை இப்போது கணுக்காலில் முனகியது.
போனது எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்.
சரி என்றேன்.

"கண்ணை மூடுங்க."
வெளியே பாகாயம் பஸ் ஹாரன்.
பக்கத்து நாற்காலிக்காரர் இருமுகிறார்.
இந்த முறை அவசரமில்லை எனக்கு.

"என்னம்மா, சத்தமே காணோம்?"

இன்னும் வரல சார்.
வந்தா சொல்றேன்.